ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து சிஸ்டம் அட்மின் வேலைக்குப் போக எங்கே தொடங்குவது?

நீலத்திரை:

எல்லாருக்கும் வணக்கம். ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறேன். தினசரி வேலை உங்களுக்கே தெரியும்: பாஸ்வேர்ட் ரீசெட், அக்கவுன்ட் அன்லாக், பிரின்டர், அவுட்லுக், விபிஎன், புது லேப்டாப்புக்கு இமேஜ் போட்டுக் கொடுப்பது. ஆக்டிவ் டைரக்டரியில் (ஏடி, நிறுவனத்தின் பயனர், கணினிக் கணக்குகள் இருக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) எனக்கு இருக்கும் உரிமை ரீசெட், அன்லாக் இரண்டோடு சரி. சர்வர் பக்கம் போகிற எதுவானாலும் எஸ்கலேட் பண்ணிவிட (மேல்நிலை டீமுக்கு அனுப்பிவிட) வேண்டும்.

சிஸ்டம் அட்மினாகப் போக ஆசை. விளம்பரங்களில் எல்லாம் சர்வர் அனுபவம் கேட்கிறார்கள். சர்வரைத் தொடவே விடாத இடத்தில் அந்த அனுபவம் எப்படி வரும்? விண்டோஸ், லினக்ஸ் இரண்டில் எதை முதலில் எடுப்பது? 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் ஒன்று கையில் இருக்கிறது, பயிற்சிக்கு லேப் போட அது போதுமா? தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குவதா, அந்த நேரத்தை லேபில் போடுவதா?

எஸ்கலேட் செய்த டிக்கெட் திரும்பி வரும்போது "சரிசெய்யப்பட்டது" என்று ஒற்றை வரிதான் இருக்கும். அங்கே என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதையும் எப்படித் தெரிந்துகொள்வது?

வேர்க்கோப்பு:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பியுங்கள். எஸ்கலேட் செய்த டிக்கெட் மறுமுனையில் எப்படித் தீர்ந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பாடத்திட்டம். ஹெல்ப் டெஸ்க் ஒருவருடைய சிக்கலை இப்போதைக்குத் தீர்த்து அவரை வேலை பார்க்க வைக்கிறது. அட்மின் அதே சிக்கல் ஏன் வந்தது, அடுத்து யாருக்கு வரும் என்று பார்க்க வேண்டும். நீங்கள் தினமும் கையாளும் டிக்கெட்டுகளிலேயே இதைப் பழகலாம்.

அக்கவுன்ட் லாக் அவுட்டையே எடுத்துக்கொள்வோம். அன்லாக் செய்கிறீர்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி லாக் ஆகிறது. மறுபடி அன்லாக். இப்படியே நாள் முழுக்க ஓடும். மறுமுனையில் செய்வது இது: டொமைனில் (ஒரே ஏடியின் கீழ் இருக்கும் கணினிகளின் தொகுப்பில்) எந்தக் கன்ட்ரோலரில் (லாகினைச் சரிபார்க்கும் சர்வரில்) லாக் ஆனாலும் அந்தத் தகவல் பிடிசி எமுலேட்டர் என்ற தனிப் பொறுப்பில் இருக்கும் கன்ட்ரோலருக்கு வந்து சேரும். அதன் செக்யூரிட்டி லாகில் (பாதுகாப்புப் பதிவேட்டில்) 4740 என்ற ஈவன்ட்டைத் தேடினால், எந்த மெஷினிலிருந்து தவறான பாஸ்வேர்ட் வந்தது என்று 'காலர் கம்ப்யூட்டர் நேம்' வரியில் இருக்கும். அடுத்து அந்த மெஷினுக்குப் போய் 4625 ஈவன்ட்டைத் திறந்து 'லாகான் டைப்' எண்ணைப் பாருங்கள். 2 என்றால் யாரோ கீபோர்டில் தட்டுகிறார்கள். 3 என்றால் நெட்வொர்க் வழி, பெரும்பாலும் பழைய பாஸ்வேர்டோடு மேப் செய்த டிரைவ். 4 என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் அந்தப் பயனரின் பெயரில் ஓடும் வேலை. 5 என்றால் ஒரு சர்வீஸ். 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். காரணம் பாதி தெரிந்துவிட்டது. மீதியை 'சிஎம்டிகீ /லிஸ்ட்' கட்டளை காட்டும், பாஸ்வேர்ட் சேமித்து வைத்த கணக்குகள் அதில் வரும் (பாஸ்வேர்ட் தெரியாது).

காலர் பெயரில் மெயில் சர்வர் வந்தால் பயனரின் கைப்பேசியைச் சந்தேகப்படுங்கள், அதில் பழைய பாஸ்வேர்ட் இருக்கும். காலர் பெயர் காலியாக இருந்தால் கன்ட்ரோலரிலேயே 4771 ஈவன்ட்டைத் தேடுங்கள். அதில் ஐபி முகவரி கிடைக்கும். 0x18 என்ற குறியீடு தவறான பாஸ்வேர்ட் என்பதைச் சொல்லும். இந்த ஈவன்ட்டுகளே இல்லையென்றால் ஆடிட் பாலிசி போடப்படவில்லை என்று பொருள், அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். அடுத்த முறை எஸ்கலேட் செய்யும்போது "லாக் அவுட் திரும்பத் திரும்ப வருகிறது" என்று எழுதாமல் "இந்த மெஷினில், இந்த ஷெட்யூல் டாஸ்க் பழைய பாஸ்வேர்டில் ஓடுகிறது" என்று எழுதிப் பாருங்கள். சர்வர் டீம் உங்களைப் பார்க்கும் விதம் மாறும்.

"டொமைனில் சேர மாட்டேன் என்கிறது" டிக்கெட்டும் இப்படித்தான். பெரும்பாலான நேரம் டிஎன்எஸ்தான் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) காரணம். கிளையன்ட் டொமைன் கன்ட்ரோலரைக் கண்டுபிடிப்பது எஸ்ஆர்வி ரெக்கார்டு (எந்தச் சேவை எந்தச் சர்வரில் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) வழியாக. கிளையன்டில் ரவுட்டரையோ பொது டிஎன்எஸ்ஸையோ போட்டிருந்தால் அந்த ரெக்கார்டு அங்கே கிடையாது. "முதலாவது நம் சர்வர், பாதுகாப்புக்கு இரண்டாவது 8.8.8.8" என்று பலர் வைப்பார்கள். இது ஆபத்தான அமைப்பு. முதல் சர்வர் ஒரு முறை பதில் தரத் தாமதித்தால் கிளையன்ட் இரண்டாவதற்குத் தாவி அதையே பிடித்துக்கொள்ளலாம். பிறகு லாகின் மெதுவாவது, பாலிசி வராமல் போவது எனப் புரியாத தொல்லைகள் வரும். டொமைன் மெஷினில் இரண்டு டிஎன்எஸ்ஸும் உள் சர்வர்களாகவே இருக்க வேண்டும். வெளி உலகத்துக்கான ஃபார்வர்டரை டிஎன்எஸ் சர்வரில் போடுவதுதான் முறை.

169.254 என்று தொடங்கும் ஐபி வந்தால் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் பதில் தரவில்லை. கேபிள், விலேன் (சுவிட்சில் பிரித்த தனி நெட்வொர்க்), ஸ்கோப்பில் (வழங்க ஒதுக்கிய வரம்பில்) முகவரி தீர்ந்துபோனது, சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருந்தும் கோரிக்கையைக் கடத்தும் ரிலே இல்லாதது, இந்த வரிசையில் பாருங்கள். குரூப் பாலிசி (டொமைன் மெஷின்களுக்கு மொத்தமாக அமைப்புகளை அனுப்பும் வசதி) பற்றிய டிக்கெட்டில் 'ஜிபிரிசல்ட் /ஹெச்' அறிக்கையை இணைத்து அனுப்பப் பழகுங்கள். பாலிசி இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு 30 நிமிடம் வரை தற்செயல் இடைவெளி சேர்த்துப் புதுப்பிக்கப்படுகிறது. "இப்போதுதான் மாற்றினேன், வரவில்லையே" என்ற பாதி டிக்கெட்டுக்கு இது போதும்.

கன்சோல்வாசி:

லேப் பற்றி நான் சொல்கிறேன். 16 ஜிபி போதும், எல்லா வெர்ச்சுவல் மெஷினையும் (லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) ஒரே நேரத்தில் ஓட்டாமல் இருந்தால். முதல் டொமைன் கன்ட்ரோலர் டெஸ்க்டாப் வசதியோடு 4 ஜிபி, இரண்டாவது கன்ட்ரோலர் சர்வர் கோர் (டெஸ்க்டாப் இல்லாத வடிவம்) 2 ஜிபி, விண்டோஸ் 11 கிளையன்ட் 4 ஜிபி, லினக்ஸ் 1 ஜிபி. ஆக எல்லாம் ஓடினால் 11 ஜிபி, லேப்டாப்புக்கு 5தான் மிஞ்சும். எஸ்எஸ்டி கட்டாயம், 150 ஜிபி காலியிடம் இருந்தால் நிம்மதி. வெர்ச்சுவல் மெஷினை ஓட்டும் ஹைப்பர்-வி விண்டோஸ் ஹோம் எடிஷனில் வராது, அப்படியிருந்தால் வெர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள். கிளையன்டாக ஹோம் எடிஷனைப் போட்டுவிடாதீங்க, அது டொமைனில் சேராது. விண்டோஸ் சர்வர் இவேலுவேஷன் (சோதனைப் பதிப்பு) 180 நாள் ஓடும், விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் இவேலுவேஷன் 90 நாள். காலம் முடிந்ததும் அழித்துவிட்டு மறுபடி கட்டுங்க. இரண்டாவது முறை கட்டும்போது மவுஸைத் தொடாமல் பவர்ஷெல் ஸ்கிரிப்டிலேயே கட்டுவது என்று வைத்துக்கொண்டால், அந்த ஸ்கிரிப்டே இன்டர்வியூவில் காட்டக் கையில் இருக்கும்.

நெட்வொர்க்கை 'இன்டர்னல்' ஆக வையுங்க. பிரிட்ஜ் (வெளி நெட்வொர்க்கோடு நேரடி இணைப்பு) போட்டு அதற்குள் டிஹெச்சிபி சர்வரை ஓட்டினால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்றவர்களின் மெஷினுக்கும் உங்கள் லேப் சர்வர் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். அலுவலக நெட்வொர்க்கில் இது நடந்தால் பெரிய விபத்து. டொமைன் பெயருக்கு 'டாட் லோக்கல்' வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸோடு (அதே பெயரைப் பயன்படுத்தும், சர்வர் இல்லாத பெயர்த் தேடல் முறை) மோதும். உள் பயன்பாட்டுக்கென்றே, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேன் 2024இல் ஒதுக்கிய 'டாட் இன்டர்னல்' இருக்கிறது. சொந்த டொமைன் இருந்தால் அதன் கீழ் ஒரு துணைப்பெயர் இன்னும் நல்லது.

கட்டி முடித்ததோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். வழிகாட்டியைப் பார்த்து இன்ஸ்டால் செய்வது யாருக்கும் வரும். கற்பது உடைத்துச் சரிசெய்வதில்தான் இருக்கு. நான் முதலில் செய்யச் சொல்வது ரீஸ்டோர் பயிற்சி.

இரண்டு கன்ட்ரோலரும் சீராக ரெப்ளிகேட் ஆகின்றனவா (ஒன்றின் மாற்றம் மற்றதுக்கும் போகிறதா) என்று 'ரெப்அட்மின்', 'டிசிடயாக்' இரண்டிலும் பார்த்துக்கொள்ளுங்க. முதல் கன்ட்ரோலரில் விண்டோஸ் சர்வர் பேக்கப் வைத்து சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (ஏடியும் சேர்ந்தது) எடுங்க. பிறகு 10 பயனர்கள் உள்ள ஒரு ஓயூவை (ஏடியில் கணக்குகளை வைக்கும் ஃபோல்டர் போன்றது) அழியுங்க (தற்செயல் அழிப்புத் தடையை முதலில் நீக்க வேண்டியிருக்கும், அந்தத் தடை எதற்கு இருக்கு என்பதும் அப்போது புரியும்). அழிந்தது இரண்டாவது கன்ட்ரோலருக்கும் பரவட்டும். இப்போது முதல் கன்ட்ரோலரை டிஎஸ்ஆர்எம் (ஏடியை ஓட்டாமல் மீட்புக்குத் திறக்கும்) மோடில் பூட் செய்து ரீஸ்டோர் செய்யுங்க. ஓயூ திரும்பி வரும். சாதாரணமாக ரீபூட் செய்த சற்று நேரத்தில் மறுபடி காணாமல் போகும். இரண்டாவது கன்ட்ரோலரிடம் "இது அழிக்கப்பட்டது" என்ற புதிய தகவல் இருக்கிறது, ரெப்ளிகேஷனில் புதியதுதான் ஜெயிக்கும். ஆகவே ரீஸ்டோர் முடிந்ததும், ரீபூட் செய்யும் முன் 'என்டிடிஎஸ்யூடில்' வழியாக அந்த ஓயூவை ஆதாரிட்டேட்டிவ் (இதுவே செல்லும்) என்று குறிக்க வேண்டும். இதை ஒரு முறை கையால் செய்தவர் ரெப்ளிகேஷனை மறக்க மாட்டார். செய்து முடித்த பிறகு ஏடி ரீசைக்கிள் பின்னை இயக்கி அதே வேலை எவ்வளவு சுலபமாகிறது என்று பாருங்க. அந்த வரிசை முக்கியம், ஏனென்றால் ரீசைக்கிள் பின்னை ஒரு முறை இயக்கினால் அணைக்க முடியாது.

டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்ட் டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் அல்ல, கன்ட்ரோலராக உயர்த்தும்போது தனியாகக் கேட்கும். மறந்திருந்தால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'என்டிடிஎஸ்யூடில்' வழியாக மாற்றிவிடலாம், விழுந்த பிறகு முடியாது. இன்னொன்று: டூம்ஸ்டோன் ஆயுள் (அழிந்ததன் குறிப்பு ஏடியில் தங்கும் காலம்) இயல்பாக 180 நாள். அதைவிடப் பழைய பேக்கப்பிலிருந்து ஏடியை மீட்க முடியாது.

அடுத்தடுத்து: ஒரு கன்ட்ரோலரைத் திடீரென்று நிரந்தரமாக அணைத்துவிட்டு, அதிலிருந்த எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளை (பிடிசி எமுலேட்டர் போல ஒரே கன்ட்ரோலரிடம் இருப்பவை) மற்றதில் கைப்பற்றி, ஏடியில் மிஞ்சிய பழையதன் மெட்டாடேட்டாவைச் சுத்தம் செய்யுங்க. கைப்பற்றிய பிறகு பழையதை மறுபடி நெட்வொர்க்கில் போடக் கூடாது. ஏடியின் லாகின் முறையான கெர்பெராஸ் இயல்பாக 5 நிமிடக் கடிகார வேறுபாடு வரைதான் பொறுத்துக்கொள்ளும். வெர்ச்சுவல் மெஷினின் ஹோஸ்ட் டைம் சிங்கை நிறுத்திவிட்டு ஒரு சர்வரின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, எந்த லாகில் என்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்க. ஒவ்வொரு பயிற்சிக்கும் நான்கு வரி எழுதி வையுங்க: என்ன உடைத்தேன், என்ன அறிகுறி, எந்த லாகில் தெரிந்தது, எப்படி மீண்டது.

மூன்றாம்ஷிஃப்ட்:

விண்டோஸா லினக்ஸா என்பதற்கு என் பதில்: நீங்கள் இருக்கும் இடத்தில் எது ஓடுகிறதோ அது முதலில். பயனர்கள் விண்டோஸில் என்றால் ஏடி, குரூப் பாலிசி, மைக்ரோசாஃப்ட் 365 நிர்வாகம். ஆனால் லினக்ஸை அறவே விட்டுவிடாதீர்கள். வெப் சர்வர், மானிட்டரிங், கன்டெய்னர், கிளவுட் என எங்கே போனாலும் அது வந்து நிற்கும். தினசரி வேலைக்கு வேண்டியது பெரிய கடல் அல்ல. சர்வீஸை 'சிஸ்டம்சிடிஎல்' வழியாக நிர்வகிப்பது, 'ஜர்னல்சிடிஎல்'லில் லாக் படிப்பது, அனுமதிகள், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிப்பது), எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின்), கிரான் (நேரம் வைத்து வேலை ஓட்டுவது), பாஷில் சின்ன ஸ்கிரிப்ட்.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற அலர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவிலும் இதைக் கேட்பார்கள், வேலையிலும் வாராவாரம் வரும். 'டிஎஃப் -ஹெச்' 100 சதவீதம் காட்டுகிறது. ஃபைல்களின் அளவை 'டியூ' போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. புதியவர் இந்த இடத்தில்தான் திகைப்பார். யாரோ பெரிய லாக் ஃபைலை 'ஆர்எம்' கொண்டு அழித்திருக்கிறார்கள், ஆனால் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் இன்னும் ஓடுகிறது. டைரக்டரியிலிருந்து பெயர்தான் போனது. கடைசிப் புராசஸ் அதை மூடும்வரை இடம் விடுபடாது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' அந்த ஃபைலையும் புராசஸையும் காட்டும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். அடுத்த முறை ஓடும் லாகை அழிக்காமல் 'ட்ரன்கேட்' (உள்ளடக்கத்தை மட்டும் காலி) செய்ய வேண்டும், நிரந்தரத் தீர்வாக லாக்ரோடேட் (பழைய லாகைத் தானாக ஒதுக்கும் கருவி) சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடம் தாராளமாக இருந்தும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று வந்தால் 'டிஎஃப் -ஐ' போடுங்கள். கோடிக்கணக்கான சின்ன ஃபைல்கள் சேர்ந்து ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கும், செஷன் ஃபைல்களும் மெயில் க்யூவும் வழக்கமான காரணங்கள். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் என்றால் 5 சதவீதம் ரூட்டுக்கென்று இயல்பாக ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. டிஸ்க் ஒதுக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வால்யூமுக்குக் கொடுத்துவிடாமல் எல்விஎம்மில் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்வது அதனால்தான்.

சர்வரிலிருந்து உங்களை நீங்களே வெளியே பூட்டிக்கொள்ளும் வழிகள் சில உண்டு. எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கை மாற்றினால் 'எஸ்எஸ்ஹெச்டி -டி' போட்டுச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். இருக்கும் செஷனை மூடாமல் வேறு விண்டோவில் புதிதாக லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். தொலைவிலிருந்து ஃபயர்வால் விதி மாற்றும்போது, 5 நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்பப் போடும் ஒரு வேலையை 'அட்' கட்டளையில் முன்கூட்டியே வைத்துவிட்டு மாற்றுங்கள். எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்யலாம். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்'பில் ஒரு வரி தவறினால் ரீபூட்டில் சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். சேமித்ததும் 'மவுன்ட் -ஏ' போட்டுப் பாருங்கள், கட்டாயமில்லாத டிஸ்க்குக்கு 'நோஃபெய்ல்' சேருங்கள்.

எஸ்ஈலினக்ஸை (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் கட்டுப்பாடு) அணைத்துவிட்டு வேலையை முடிப்பது பரவலான கெட்ட பழக்கம். ஹோம் டைரக்டரியிலிருந்து வெப் சர்வர் டைரக்டரிக்கு 'எம்வி' செய்த ஃபைல் பழைய லேபிளோடே வரும், அதனால்தான் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. 'ரெஸ்டோர்கான்' ஒரு முறை போட்டால் தீரும்.

நீலத்திரை:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. லேப் எப்படிப் போடுவது என்று தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு கேள்விகள். அலுவலகத்தில் சர்வர் டீமிடம் எந்த உரிமையை, எப்படிக் கேட்பது? "அட்மின் ரைட்ஸ் வேண்டும்" என்று கேட்டால் உடனே மறுத்துவிடுவார்கள். அப்புறம் சான்றிதழில் எதை எழுதுவது, ரெஸ்யூமேயில் என்ன போடுவது?

பதிவேடு:

"அட்மின் ரைட்ஸ்" என்று மொத்தமாகக் கேட்டால் மறுப்பதுதான் அவர்கள் கடமை. குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட உரிமை கேளுங்கள். முதலில் பார்க்க மட்டும்: கன்ட்ரோலர்களின் ஈவன்ட் லாக் படிக்க 'ஈவன்ட் லாக் ரீடர்ஸ்' குழு, டிஹெச்சிபி ஸ்கோப் பார்க்க 'டிஹெச்சிபி யூசர்ஸ்' குழு, மானிட்டரிங் டாஷ்போர்டுக்கு வாசிப்பு உரிமை. இவற்றால் எதுவும் உடையாது, ஆகவே தருவதில் தயக்கம் குறைவு. வேர்க்கோப்பு சொன்ன 4740 விசாரணைக்கு முதல் குழு ஒன்றே பெரிதும் உதவும்.

அடுத்து யாரும் விரும்பிச் செய்யாத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். காலையில் பேக்கப் அறிக்கை சரிபார்த்தல், மாதாந்திரப் பேட்ச்சில் தோல்வியடைந்த மெஷின்களின் பட்டியல், சர்வர்களின் டிஎல்எஸ் சான்றிதழ் (பாதுகாப்பான இணைப்புக்கானது, தேர்வுச் சான்றிதழ் அல்ல) காலாவதிப் பட்டியல், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள். பேக்கப் அறிக்கை பச்சையாக இருந்தால் போதாது. மாதம் ஒரு ஃபைலையாவது வேறிடத்தில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். பல இடங்களில் அதைச் செய்ய ஆளே இருக்காது. டிஎல்எஸ் சான்றிதழ் பட்டியலுக்கும் இப்போது மதிப்புக் கூடுகிறது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று 2025இல் முடிவானது. எந்தச் சர்வரில் எந்தச் சான்றிதழ், புதுப்பிப்பது தானாகவா கையாலா, யார் பொறுப்பு என்ற பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பவர் சர்வர் டீமுக்குள் பாதி வந்துவிட்டார்.

செயல்பாட்டு உரிமை வேண்டுமென்றால் ஒரே ஒரு ஓயூவில் டெலிகேஷன் (அதற்கு மட்டுமான உரிமை) கேளுங்கள், அதுவும் தனி அட்மின் கணக்கில். மெயில் படிக்கும் கணக்கிலேயே அட்மின் உரிமை வைத்துக்கொள்ள நீங்களே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது எது தவறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பயன்படாத கணக்குகளை முடக்கும் ஸ்கிரிப்ட் எல்லாரும் எழுதுவது. அதில் நம்பும் 'லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப்' என்ற பண்பு உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை. இயல்பு அமைப்பில் 14 நாள் வரை பின்தங்கி இருக்கும். "10 நாள் லாகின் ஆகாதவர்" என்று வடிகட்டினால் தினமும் வேலை செய்பவரும் சிக்குவார். 90 நாள் என்று வைத்தால் பிரச்சினையில்லை. சர்வீஸ் கணக்குகளை விலக்குங்கள். முதல் ஓட்டம் 'வாட்இஃப்' (எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று காட்டுவது) போட்டு மட்டும். பட்டியலை சிஎஸ்வியில் எடுத்து ஹெச்ஆர் பதிவோடு ஒப்பிடுங்கள், நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் அதில் தென்படுவார்கள். பிறகு அழிக்காமல் முடக்கி, தனி ஓயூவுக்கு மாற்றி, டிஸ்கிரிப்ஷனில் தேதியும் டிக்கெட் எண்ணும் போட்டு 30 நாள் வையுங்கள். கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் எஸ்ஐடி (கணக்கின் உள் அடையாள எண்) வேறாகிவிடும், பழைய ஃபோல்டர் உரிமைகள் எதுவும் ஒட்டாது.

இதோடு மாற்றக் குறிப்பு எழுதப் பழகுங்கள். எதை மாற்றுகிறேன், யாரைப் பாதிக்கும், மாற்றும் முன் என்ன நிலை, வெற்றி என்பதை எதை வைத்துச் சொல்வேன், எந்த நேரத்துக்குள் சரியாகவில்லையென்றால் திரும்பப் பெறுவேன், எப்படி. கடைசி இரண்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "ஸ்னாப்ஷாட் இருக்கிறது" என்று எழுதினால் போதாது. டேட்டாபேஸ் ஓடும் சர்வரை இரண்டு மணி நேரம் கழித்து ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால் அந்த இரண்டு மணி நேரத் தரவும் சேர்ந்து போகும். ஸ்னாப்ஷாட்டை வாரக்கணக்கில் விட்டுவைத்தாலும் அது வளர்ந்து ஸ்டோரேஜை நிரப்பும்.

வேர்க்கோப்பு:

சான்றிதழ் பற்றி. லேபில் கை பழகிய பிறகு எழுதினால் தேர்வு சுலபம், வேலைக்கும் பயன். முன்பே எழுதினால் கேள்வித்தாள் மட்டும் மனப்பாடமாகும், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். இப்போது செய்யும் வேலைக்கு மிக அருகில் இருப்பது மைக்ரோசாஃப்டின் எம்டி-102 தேர்வு, லேப்டாப் நிர்வாகமும் அதற்கான இன்டியூன் கருவியும். சர்வர் பக்கம் போக ஏஇசட்-104 (மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுட் அட்மின் தேர்வு), தேர்ச்சிக்கு 1000க்கு 700. மைக்ரோசாஃப்டின் பழைய சான்றிதழான எம்சிஎஸ்ஏ 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. இன்னும் அதைக் கேட்கும் விளம்பரம் பழைய வார்ப்பை ஒட்டியது என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். லினக்ஸ் என்றால் ரெட் ஹாட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ, முழுக்கச் செய்முறை, தேர்ச்சிக்கு 300க்கு 210. ரீபூட்டுக்குப் பிறகும் உங்கள் அமைப்பு நிற்க வேண்டும். சர்வீஸை 'ஸ்டார்ட்' செய்துவிட்டு 'எனேபிள்' (ரீபூட்டில் தானாகத் தொடங்கும்படி) செய்ய மறந்தால், வேலை சரியாக இருந்தும் மதிப்பெண் போய்விடும்.

ரெஸ்யூமேயில் "தினமும் இத்தனை டிக்கெட் மூடினேன்" என்பதை ஒரு வரியோடு நிறுத்துங்கள். மற்ற வரிகளில் காரணம் தேடிய வேலைகள் வரட்டும்: "திரும்பத் திரும்ப வந்த லாக் அவுட்களை ஈவன்ட் லாக் வழியே ஆராய்ந்து காரணமான ஷெட்யூல் டாஸ்க்குகளை நீக்கினேன்", "புதியவர்களுக்குக் கணக்கு உருவாக்குவதை சிஎஸ்வியிலிருந்து பவர்ஷெல்லில் செய்யும்படி மாற்றினேன்." லேப் வேலையை லேப் என்றே தனித் தலைப்பில் போடுங்கள். அதை அலுவலக அனுபவமாகக் காட்டினால், "ரெப்ளிகேஷன் நின்றபோது எத்தனை சைட் இருந்தது" என்று கேட்டதும் சிக்கிக்கொள்வீர்கள்.

இன்டர்வியூவில் "சர்வர் மெதுவாக இருக்கிறது என்கிறார்கள், என்ன செய்வீர்கள்" என்ற கேள்வி வரும். ரீஸ்டார்ட் என்று தொடங்காதீர்கள். யாருக்கு மெதுவாக, எல்லாருக்குமா ஒருவருக்கா, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாற்றம் நடந்தது என்று கேட்டுவிட்டு, சிபியு, மெமரி, டிஸ்க் காத்திருப்பு, நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாக விலக்குங்கள். ரீஸ்டார்ட் செய்தால் மெமரியில் இருந்த ஆதாரம் போய்விடும் என்பதையும் சொல்லுங்கள். தெரியாத கேள்விக்குத் "தெரியாது, இந்த லாகில் தேடத் தொடங்குவேன்" என்பது நல்ல பதில்.

கன்சோல்வாசி:

ஒன்றைச் சேர்க்கிறேன். "சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற பட்டத்தை மட்டும் பார்த்து மாறிவிடாதீங்க. சில இடங்களில் அது டெஸ்க்டாப் சப்போர்ட்டேதான், பெயர்தான் வேறு. கேள்வி கேட்க உங்களுக்கு நேரம் தரும்போது இவற்றைக் கேளுங்க: இந்தப் பொறுப்பில் எத்தனை சர்வர்கள், வெர்ச்சுவல் எவ்வளவு, கிளவுட் எவ்வளவு? பேக்கப் யார் பொறுப்பு, கடைசியாக ரீஸ்டோர் சோதனை எப்போது நடந்தது? பேட்ச் எந்த நேரத்தில் போடுகிறீர்கள், அதற்கு ஒப்புதல் முறை உண்டா? ஆன்-கால் (வேலை நேரத்துக்கு வெளியே அழைத்தால் வரும் பொறுப்பு) எத்தனை பேருக்கிடையே சுழல்கிறது, இரவு வேலைக்கு மறுநாள் ஓய்வு உண்டா? டாக்குமென்ட் எங்கே இருக்கிறது? பயனர் டிக்கெட் எத்தனை சதவீதம்?

ரீஸ்டோர் சோதனை பற்றிய கேள்விக்கு உடனே தேதியோடு பதில் வந்தால் அந்த டீமிடம் கற்க நிறைய இருக்கு. ஆன்-காலில் ஒரே ஆள் என்றால் சம்பளம் கூடினாலும் யோசிங்க, முதல் சர்வர் வேலையில் பக்கத்தில் கேட்க ஒரு மூத்தவர் இருப்பது பட்டத்தைவிட முக்கியம். ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து நேராக அட்மின் கிடைக்கவில்லையென்றால் என்ஓசி (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்), எண்ட்பாயின்ட் (லேப்டாப் போன்ற பயனர் சாதனங்கள்) நிர்வாகம், எல்2 (இரண்டாம் நிலை) சப்போர்ட் மூன்றும் நல்ல படிகள். இரண்டு கன்ட்ரோலரையும் கட்டி, அந்த ஓயூ ரீஸ்டோர் பயிற்சியை முடித்துவிட்டு, எங்கே மாட்டினீங்க என்று லாகோடு இங்கேயே போடுங்க, பார்த்துச் சொல்கிறோம்.